வியாழக்கிழமைச் சட்டை

திருச்சியிலிருந்து திரும்பி வந்த ரதி, பெட்டியை வாசலில் இறக்கி வைத்தபோதே விஷயத்தை விளங்கிக்கொண்டாள். அபிதா வேலையைத் திருப்பித் தரப்போவதில்லை. முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்து, தாலி மாதிரிச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருந்தாள்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குப் போகிறவள் தன் இடத்தில் இன்னொருத்தியை வைத்துவிட்டுப் போவாள். இவள் திரும்பியதும் அவள் விலகிக்கொள்வாள். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. இதனால் கதை பேச்சை விட்ட கூட்டாளிகள் பலர். அந்த வம்பு வேண்டாமென்றுதான் ரதி வெளியாட்களைத் தேடாமல், தன் புருஷன் பத்மநாதனின் தங்கை அபிதாவைச் சிஞ்ஞோராவிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டிருந்தாள். ரதியின் தாய் திருச்சியில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். மகன் மிதுசனையும் அபிதாவின் பொறுப்பிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினாள். போனவள் வருவதற்கு மாதங்கள் ஆகிவிட்டன.

முகம் கழுவிவிட்டு வந்த ரதி, திங்கட்கிழமை தான் வேலைக்குப் போவதாகச் சொன்னாள்.

"எந்த வேலைக்கு மச்சாள்?" என்றாள் அபிதா. கையில் இருந்த இஸ்திரிப்பெட்டி நிற்கவில்லை.

"என்ரை வேலைக்கு."

"அது இப்ப என்ரை வேலை. சிஞ்ஞோராவே சொன்னவா. நீங்கள் இருக்கேக்கை பிள்ளையளின்ரை சட்டையிலை கறை போகவே இல்லையாம். நான் வந்தாப்பிறகுதான் அவையள் மனுசர் மாதிரி வெளியிலை போகினமாம்."

பத்மநாதன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ என்று கோப்பைக்குள் சொல்லிவிட்டு, அன்றைக்கு வழமையைவிட வெள்ளனவே உணவகத்துக்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

இது வெறும் வேலைச் சண்டை இல்லை. ரதியின் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க, இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று முதலாளி கையெழுத்திட்ட தாளைப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் காட்டவேண்டும். அபிதாவிடமோ பெர்மெஸ்ஸோவே இல்லை. பத்திரம் இல்லாதவர்களை அந்த வருடம் அரசாங்கம் பதியவிட்டது. அதற்கும் ஒரு முதலாளி கையெழுத்து வைக்கவேண்டும். சிஞ்ஞோரா ஒருத்திக்குத்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டாள். மற்றவள் எந்த நேரமும் பொலிஸைக் கண்டு வேறு ஒழுங்கைக்கு மாறி நடக்கவேண்டியதுதான்.

திங்கட்கிழமை ரதி நேரே பொலிதேயாமாப் பகுதிக்குப் போய்ச் சிஞ்ஞோராவின் வீட்டு மணியை அடித்தாள். சிஞ்ஞோரா அவளை உட்காரச் சொல்லவில்லை. முன்பென்றால் ஒரு கோப்பி கிடைத்திருக்கும். ரதி நின்றபடியே கூடத்தைப் பார்த்தாள். பியானோ நின்ற இடம் வெறுமையாக இருந்தது. சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெளிறிய சதுரம். சிஞ்ஞோராவின் கணவனுடைய விளக்குக் கடையும் பூட்டிக் கிடந்ததை வரும் வழியில் கண்டிருந்தாள். அதையெல்லாம் யோசிக்க அப்போது அவளுக்கு நேரமில்லை. தன் வேலையைக் கேட்டாள்.

சிஞ்ஞோரா பதிலுக்குத் தன் மானத்தைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் வியாழக்கிழமை தோறும் ஒரு கிழட்டு ஆசிரியையிடம் வர்ணம் தீட்டப் பழகுகிறார்கள். மரத்தில் செய்த சின்னக் குதிரை வண்டிகளுக்கு எண்ணெய்ப் பெயின்ற் அடிக்கும் வகுப்பு. நகரத்தின் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். ஆசிரியைக்கு ஒரு பிடிவாதம்: எல்லோரும் வெள்ளைச் சட்டையில்தான் வரவேண்டும், கவனமான கைக்கு வெள்ளையைக் கண்டு பயமிருக்காதாம். கூட்டிப்போக வரும் தாய்மார் வண்டியையா பார்க்கிறார்கள், ஒருவர் பிள்ளையின் சட்டையை மற்றவர் பார்க்கிறார்கள். ரதியின் காலத்தில் தன் பிள்ளைகளின் சட்டையில் எப்போதும் ஒரு நிழல் இருந்தது என்றாள் சிஞ்ஞோரா. அபிதாவின் காலத்தில் பால் மாதிரி இருக்கிறது.

பிறகு உள்ளே போய், போன வியாழக்கிழமைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து ரதியின் கையில் போட்டாள். நெஞ்சில் அப்பிக் கிடந்தது பச்சைப் பெயின்ற்.

"புதன்கிழமைக்குள் இந்தப் பச்சை போனால் நீ வா. போகாவிட்டால் அவள் இருப்பாள். இனிமேல் மணி அடித்துக்கொண்டு வராதே."

அல்பெர்கேரியாவில் தாங்கள் குடியிருந்த வீட்டின் சின்னப் பல்கனியில் ரதி சட்டையோடு உட்கார்ந்தாள். ஊரில் சைக்கிளுக்குப் பெயின்ற் அடித்த கைக்கும் உடுப்புக்கும் மண்ணெண்ணெய்தான். இங்கே அது கிடைக்காமல், இரும்புக் கடையில் பெயின்ற் கரைக்கும் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வந்திருந்தாள். கறைக்கு அடியில் பழைய துவாயை மடித்து வைத்து, சட்டையின் உட்புறத்திலிருந்து துணியால் ஒற்றினாள். தேய்க்கவில்லை. துவாயில் பச்சை இறங்க இறங்க அதன் சுத்தமான பக்கத்தைத் திருப்பி வைத்தாள். முன்பு இப்படித்தான் செய்வாள், முக்கால்வாசி போய்விடும். பிறகு சவர்க்காரமும் வெயிலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தமுறை கறை அசையவில்லை. மேற்பூச்சு மட்டும் கரைந்து நூலுக்குள் இறங்கியது. ரதி பொறுமை இழந்து ஒருதரம் அழுத்தித் தேய்த்தாள். பச்சை வெற்றிலையளவுக்கு விரிந்துவிட்டது. எதிர்ப் பல்கனிக்காரி பாண் வாங்கக் கூடையைக் கயிற்றில் இறக்கியபடி, வினாகிரி போடு என்று கத்தினாள். அதையும் போட்டுப் பார்த்தாள். எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டாள். சட்டை ஊறுகாய் மாதிரி மணத்தது. பச்சை அப்படியே இருந்தது.

அபிதா கதவு நிலையில் சாய்ந்து நின்று தேத்தண்ணி குடித்தாள்.

"மச்சாள், சட்டை முழுக்கப் பச்சையைப் பூசப் போறியளோ? அதுவும் நல்ல யோசினைதான். பிறகு வெள்ளைதான் கறை எண்டு சொல்லலாம்."

"உனக்கு ஒரு கைலேஞ்சி தோய்க்கத் தெரியாது. நீ எப்பிடி எடுக்கிறனீ?"

"கைராசி."

ரதி மறுபடி குனிந்தாள். துணியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். அவள் காலத்துச் சட்டைகள் தடித்த பருத்தி. இது மெல்லியது, நைலோன் கலந்து வழுக்கியது. சிஞ்ஞோரா கடையை மாற்றிவிட்டாளா? கழுத்துப் பட்டியைத் திருப்பினாள். பெரிய கடையின் பெயர்த்துண்டு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை நீல நூலால் கையில் தைத்திருந்தார்கள். தையல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் கோணல் தையலை ரதிக்குத் தெரியும். அபிதாவின் ரவிக்கைக் கொக்கிகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும்.

அவள் அதைக் கேட்பதற்கு முன் மிதுசன் ஒழுங்கையில் பந்தடித்துவிட்டு வியர்க்க வியர்க்க ஓடி வந்தான். கம்பளிச் சட்டையைத் தலைக்கு மேலால் உருவி எறிந்தான். உள்ளே போட்டிருந்தது ஒரு வெள்ளைச் சட்டை. பையோரத்தில் மஞ்சள் பெயின்ற். கழுத்தில் பெயர்த்துண்டு இல்லை. வெட்டிய இடம் பிசிறாக நின்றது.

"இது ஆர் தந்தது?"

"மாமி தந்தவ. இன்னும் கனக்க இருக்கு. மாமியின்ரை கட்டிலுக்குக் கீழை. சிவப்பும் இருக்கு, நீலமும் இருக்கு."

அபிதா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கட்டிலை நோக்கி நடந்தாள். ரதி முந்திவிட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்த பையைத் தலைகீழாகக் கொட்டினாள். எல்லாம் இரட்டைப் பிள்ளைகளின் சட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் கறை. எதன் கழுத்திலும் பெயர்த்துண்டு இல்லை.

அபிதா மறைக்கவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது என்ற திமிரோடு சொன்னாள். பல்லரோச் சந்தையில், மீன்காரரைத் தாண்டி உடுப்புத் தொங்கும் தட்டியில், அச்சு அசலாக இதே சட்டை மலிவாகக் கிடைக்கிறது. கறைபட்டதைத் தோய்க்க என்று வீட்டுக்குக் கொண்டுவருவாள். புதிதாக ஒன்றை வாங்குவாள். கறைச்சட்டையின் பெயர்த்துண்டை வெட்டிப் புதியதில் தைப்பாள். இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், சிஞ்ஞோரா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு பிராவா பிராவா என்று கன்னத்தில் தட்டுவாளாம்.

"இதுக்குப் பேர் கறை எடுக்கிறதோ?"

"வேறை என்ன மச்சாள்? கறை இல்லாமல் குடுக்கச் சொன்னவா, குடுக்கிறன். நீங்கள் நாள் முழுக்க உரஞ்சிக் கிழிச்சதைவிட இது மேல்தானே."

"நான் போய்ச் சிஞ்ஞோராட்டைச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ." அபிதா மிதுசனைக் காட்டினாள். "உங்கட பிள்ளை ஏன் அவையின்ரை சட்டையைப் போட்டிருக்கிறான் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. ஒரு வீட்டிலை ஒருத்தி கள்ளியெண்டா மற்றவளை வைச்சிருப்பாவோ? எனக்கும் போகும், உங்களுக்கும் கிடைக்காது. நீங்கள் அங்கை தாயோடை இருக்கேக்கை இவனுக்குத் தலை இழுத்து, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் விட்டது நான். அதுக்குக் கூலியாய் அந்த வேலையை வைச்சுக்கொள்ளுறன். விடுங்கோ."

 அபிதா சொன்னது உண்மைதான். அதனாலேயே ரதிக்கு அவளை அடிக்கவேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை ரதி பல்லரோவுக்குப் போனாள். அபிதாவைப் போலவே தானும் ஒரு சட்டை வாங்கி, பெயர்த்துண்டை மாற்றித் தைத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனாள். கள்ளிக்குக் கள்ளி. தட்டியில் தொங்கிய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து உட்புறம் திருப்பிப் பார்த்தாள். அதே வழுக்கும் துணி. பக்கத் தையலின் உள்ளே, விரல் நகமளவு ஒரு நாடா. தோய்க்கும் முறை சொல்லும் நாடா. அதில் ஒரு சின்னப் பாய்க்கப்பல்.

சட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கட்டிலடிப் பையைக் கொட்டினாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பாய்க்கப்பல், பாய்க்கப்பல், பாய்க்கப்பல். அபிதா சந்தையில் வாங்கியவை பிறகு கறைபட்டுத் திரும்பி வந்திருக்கும். அவற்றில் கப்பல் இருப்பது நியாயம். அப்படியானால் முதல் சட்டை?

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அபிதாவிடம், நீ முதல்முதல் மாற்றியது எதை என்று கேட்டாள்.

"உவன் போட்டிருக்கிறானே, மஞ்சள். ஏன், அதையும் தோய்க்கப் போறியளோ?" சாவி கழுத்தில் ஆட அவள் படி இறங்கினாள்.

ரதி மிதுசனின் சட்டையைக் கழற்றி வாங்கினாள். அபிதா தந்திரம் படிக்க முன்னமே சிஞ்ஞோராவின் அலுமாரியில் இருந்த சட்டை இது. பெரிய கடையில் வாங்கியதாக இருக்கவேண்டும். பக்கத் தையலைத் திருப்பினாள்.

பாய்க்கப்பல்.

கழுத்தைப் பார்த்தாள். பெயர்த்துண்டை அபிதா வெட்டிய இடத்தில் வெள்ளை நூல் முடிச்சுகள் சில மிஞ்சியிருந்தன. கடை மெஷின் முடிச்சுப் போடாது. அபிதாவின் நூல் நீலம். அபிதாவுக்கு முன்னமே ஒருத்தி குந்தியிருந்து இந்தத் துண்டைக் கையால் தைத்திருக்கிறாள்.

பியானோ இல்லாத சுவர் ரதிக்கு நினைவு வந்தது. பூட்டிய விளக்குக் கடையும் வந்தது. பெரிய கடைக்குப் போகச் சிஞ்ஞோராவிடம் இப்போது காசு ஏது? அவள் பச்சைச் சட்டையையும் மஞ்சள் சட்டையையும் புதியதையும் ஒரே பையில் போட்டாள்.

புதன்கிழமை அபிதா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப் போயிருந்த நேரம் பார்த்து ரதி மணியை அடித்தாள். சிஞ்ஞோரா கதவைத் திறந்து, முதலில் பச்சைச் சட்டையைத்தான் கேட்டாள். ரதி அதை இஸ்திரி மேசையில் விரித்தாள். வெற்றிலையளவு பச்சை. சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டே வாசலைக் காட்டினாள்.

ரதி போகவில்லை. மஞ்சள் சட்டையைப் பக்கத்தில் விரித்தாள். சிஞ்ஞோராவின் சிரிப்பு நின்றது.

"இது என் பிள்ளையின் சட்டை. உன்னிடம் எப்படி வந்தது?"

"என் மகன் போட்டிருந்தான்."

களவு என்றாள் சிஞ்ஞோரா. வீட்டுக்குள் விட்ட எல்லோரும் இப்படித்தான் என்றாள். உன் நாட்டுக்கு உன்னை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறேன் பார் என்றாள். கை தொலைபேசியில் இருந்தது.

"குவெஸ்தூராவுக்கு எடுக்கட்டுமா?"

"எடுங்கள், சிஞ்ஞோரா. நான் இந்தச் சட்டையையும் கொண்டு போகிறேன். அவர்களும் பார்க்கட்டும்."

ரதி மூன்றாவது சட்டையை எடுத்து வைத்தாள். பல்லரோத் தட்டியின் கொக்கி அடையாளம்கூட இன்னும் அதில் இருந்தது. மூன்றின் பக்கத் தையலையும் உள்ளிருந்து வெளியே திருப்பி, மூன்று பாய்க்கப்பல்களையும் ஒரே வரிசையில் வைத்தாள். பிறகு மஞ்சள் சட்டையின் கழுத்தில் இருந்த வெள்ளை நூல் முடிச்சை நகத்தால் தொட்டுக் காட்டினாள்.

"கழுத்துத் துண்டை மாற்றியிருக்கிறீர்கள். உள்ளே இந்தக் கப்பலை வெட்ட மறந்துவிட்டீர்கள்."

சிஞ்ஞோரா தொலைபேசியை வைத்தாள். மெதுவாக வைத்தாள்.

"நாளைக்கு வியாழக்கிழமை," என்றாள் ரதி. "உங்களுக்கு வேலை இருந்தால் வகுப்புக்குப் பிள்ளைகளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். மற்றத் தாய்மாரோடு கதைத்துக்கொண்டு நிற்பேன்."

சிஞ்ஞோரா அவளைப் பார்த்த பார்வையில் அடி விழவில்லை, அவ்வளவுதான்.  பிறகு, கையெழுத்துக்கான தாள் எங்கே என்று கேட்டாள். ரதி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சிஞ்ஞோரா பேனையின் மூடியைக் கழற்றிவிட்டு நிறுத்தினாள்.

"உன் மச்சாளுக்கும் இது தெரியுமா?"

ரதி பதில் சொல்ல முன் யோசித்தாள். அபிதாவுக்கு ஒன்றும் தெரியாது. சந்தையில் அச்சு அசல் கிடைத்ததைத் தன் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். தெரியாது என்று சொன்னால் இன்று பின்னேரமே அபிதாவின் கழுத்துச் சாவி போய்விடும். மஞ்சள் சட்டைக்கு அவள்தான் கள்ளி. பத்திரமும் கிடையாது. வெளியே இறங்கப் பயந்து வீட்டிலேயே கிடப்பாள். காலையிலிருந்து இரவுவரை ரதியின் குசினியில், ரதியின் அடுப்புக்குப் பக்கத்தில், மிதுசனை மடியில் வைத்துக்கொண்டு, உன் அம்மா என்ன செய்தவ தெரியுமோ என்று தொடங்குவாள். பத்மநாதன் கோப்பைக்குள் தலையை இன்னும் ஆழமாக விடுவான். வேலைக்குப் போய்க் களைத்து வரும் ரதிக்கு அந்த முகம்தான் கதவைத் திறக்கும்.

"தெரியும்," என்றாள் ரதி. "என்னைவிட நல்லாத் தெரியும். வாய்தான் கொஞ்சம் நீளம்."

சிஞ்ஞோரா இரண்டு பேருக்கும் கையெழுத்து வைத்தாள். காலையில் ரதி, பின்னேரம் அபிதா. இருவரும் ஒன்றாக இந்த வீட்டுக்குள் நிற்கக்கூடாது என்றாள். மூன்று சட்டைகளையும் அவளே எடுத்துக் குப்பைப் பைக்குள் திணித்தாள். பச்சைச் சட்டையை மட்டும் ரதி திரும்ப எடுத்துக்கொண்டாள். அது தன் உழைப்பு என்றாள்.

வீட்டில் அபிதா தாளை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் நன்றி இல்லை, சந்தேகம்தான்.

"என்ன சொன்னனீங்கள்? நான் உங்கட காலிலை விழுவன் எண்டு நினைக்கிறியளோ?"

"உனக்காக நான் ஒண்டும் கதைக்கேல்லை," என்றாள் ரதி. அது பொய்யுமில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அபிதா நேரம் பிந்தி வந்தாள். கையில் இரண்டு சட்டைகள், இரண்டிலும் சிவப்புப் பெயின்ற். கதவைப் பூட்டிவிட்டு அதில் சாய்ந்து நின்றாள். சிஞ்ஞோரா இன்றைக்கு அவளை உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தாளாம். தன் கையால் கொடுத்தாளாம். பிறகு சட்டைகளை நீட்டி, முகத்தைப் பார்க்காமல் சொன்னாளாம்: தோய்க்க வேண்டாம், வழமையான இடத்தில் போய் வாங்கி வா.

"மச்சாள், அவவுக்கு எப்பிடித் தெரியும்? தெரிஞ்சால் ஏன் கோப்பி தாறா? என்னை என்ன செய்யப் போறா?"

ரதி பச்சைக் கறைச் சட்டையைக் கிழித்து அடுப்படித் துணியாக்கியிருந்தாள். அதை மடித்து, கொதிக்கும் சட்டியைப் பிடித்து இறக்கினாள். அபிதாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இனி ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்த முகம் இப்படித்தான் பயந்துபோய் இருக்கும்.

"எனக்கென்ன தெரியும்," என்றாள். "உன்ரை கைராசியாக்கும். தள்ளி நில், சட்டி சுடும்."